பிள்ளை கேட்கும் நாய், பெரியவர்கள் வளர்க்கும் நாய்

2003-ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. ஒரு சிறுவன் எங்கே போனாலும் அவன் பின்னாலேயே ஒரு பக் நாய் போகும். ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் அது. சிக்னல் எல்லா இடத்துக்கும் கூடவே வரும் என்று சொல்ல எடுத்த படம், நாய் வாங்குவோரின் ஆசையையே மாற்றிவிட்டது. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் பட்ட பக், நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் அடம்பிடித்துக் கேட்கும் நாயாயிற்று. குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது, விலையும் கூடியது.

விளம்பரம் சொல்லாத சேதி ஒன்று உண்டு. மனிதரைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, வேகவேகமாக மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக்கின் முகம் தட்டை. மூச்சுப் பாதை குறுகல். சித்திரை வெயிலில் பிள்ளை சிறிது நேரம் பந்து எறிந்து விளையாடினாலே அது திணறத் தொடங்கிவிடும். துருத்திய கண்ணில் ஒரு குச்சி பட்டாலும் காயம்தான். ஓடி ஆடும் பிள்ளைக்குத் துணையாக வந்த நாய், ஓட முடியாமல் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடக்கும். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்த ஊர் வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்கள் என்று ஒரு பட்டியல் தந்தது. பக்கும், பிரெஞ்சு புல்டாக்கும், சைபீரியன் ஹஸ்கியும், செயின்ட் பெர்னார்டும் அதில் இருக்கின்றன.

படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவது இன்றும் நின்றபாடில்லை. விளம்பரம் இருந்த இடத்தில் இப்போது இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இருக்கிறது.

நாய்க்கு முன் வீடு

"பிள்ளைங்களோட நல்லாப் பழகுற நாய் எது டாக்டர்?" என்ற கேள்வி கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போனது. ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அனுபவப்பட்ட மருத்துவர் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பார். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது? பகலில் வீடு பூட்டிக் கிடக்குமா? காலையும் மாலையும் நாயை வெளியே கூட்டிப் போகப்போவது யார்?

"பையனே பார்த்துக்குறேன்னு சொல்லியிருக்கான் டாக்டர்" என்று பதில் வந்தால் அங்கேயே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை அதை மனதாரத்தான் சொல்லியிருக்கும். முதல் சில வாரங்கள் சொன்னபடி செய்யவும் செய்யும். பிறகு பரீட்சை வரும், டியூஷன் வரும், மழை நாளின் விடியற்காலைத் தூக்கம் வரும். லாப்ரடார் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும் நாய். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். இடுப்பு வலியோடு மாடிப்படி இறங்க மறுக்கும் கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கப்போவது அம்மாவோ அப்பாவோதான்.

ஆகவே, பிள்ளைக்கென்று வாங்கினாலும் நாய் பெரியவர்களின் பொறுப்பு. வீட்டுப் பெரியவர்களில் ஒருவருக்காவது நாய் மேல் நிஜமான பிரியம் இருக்க வேண்டும். எவருக்கும் இல்லையென்றால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் கொஞ்ச காலம் பொறுப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

பிள்ளையின் வயதும் முக்கியம். ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு விலங்கை எப்படித் தொடுவது, எப்போது விட்டு விலகுவது என்ற பக்குவம் வந்திருக்காது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தையும் மூன்று மாதக் குட்டியும் ஒரே கூடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குட்டிக்கு உலகத்தை அறியும் கருவி வாய்தான். அதன் பால்பற்கள் ஊசி மாதிரி கூர்மையானவை. பாவாடை நுனியைக் கவ்வும், விரலைக் கடிக்கும். வலி தாங்காமல் குழந்தை கத்திக்கொண்டு ஓடும். ஓடுவதைப் பார்த்ததும் குட்டிக்கு விளையாட்டு இன்னும் சூடுபிடித்துவிடும், விரட்டும். குட்டியின் மேல் தவறு இல்லை, குழந்தையின் மேலும் இல்லை. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கும் வரை பொறுத்திருந்தால் இந்த ரகளையில் பாதி குறைந்துவிடும்.

தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் நாயின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 30 கிலோ நாய் ஒரு பூனையைப் பார்த்து வாரை இழுத்தால் எழுபது வயதுக்காரர் கீழே விழுவார். இடுப்பு எலும்பு முறிந்தால் வீடே முடங்கிவிடும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

பிள்ளைக்கு வீசிங், தும்மல் தொந்தரவு இருக்கிறதா? முடி உதிராத இனம் வாங்கினால் அலர்ஜி வராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அலர்ஜியைக் கிளப்பும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதில்களிலும் இருக்கிறது. அது இல்லாத நாய் எதுவும் கிடையாது. நாய் வளர்க்கும் உறவினர் வீட்டுக்குப் பிள்ளையை நாலைந்து முறை கூட்டிப்போய்ச் சில மணி நேரம் இருந்து பார்த்தால் ஓரளவு விளங்கிவிடும்.

எந்த நாய்க்கு என்ன சுபாவம்

தமிழகத்து வீடுகளில் குழந்தை நாய் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது லாப்ரடார். காரணம் அதன் பூர்விகத்தில் இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்து, நழுவிய மீனைக் கவ்வி வந்த நாய்களின் வழித்தோன்றல் இது. பிரிட்டனுக்குப் போனபின், சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் படாமல் எடுத்து வரும் வேலைக்கென்று பழக்கி வளர்த்தார்கள். 1903-இல் அங்குள்ள கெனல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. வாயை மென்மையாக வைத்துக்கொள்வது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மனிதர் முகத்தைப் பார்ப்பது ஆகிய இரண்டு குணங்களும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அமெரிக்காவில் 1991 முதல் 2021 வரை, தொடர்ந்து 31 ஆண்டுகள், அதிகம் பதிவான இனமாக லாப்ரடார் இருந்ததற்கு இதுவே அடிப்படை.

அதற்காக லாப்ரடார் வாங்கியவுடன் எல்லாம் சரியாகிவிடாது. இரண்டு வயது வரை அது உடம்பளவில் பெரியது, புத்தியளவில் குட்டி. சந்தோஷத்தில் வாலைச் சுழற்றினாலே டீப்பாயில் இருக்கும் காபி டம்ளர் பறக்கும், தவழும் குழந்தை உருளும். அதற்குப் பசியும் அடங்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வு இதன் காரணத்தை மரபணுவில் கண்டது: ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. சாப்பிட்டு முடித்தபின்னும் அது கெஞ்சும் பார்வை பார்ப்பது நடிப்பல்ல. பிள்ளைகள் இரக்கப்பட்டு முறுக்கு, பிஸ்கட், இட்லி என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் சில ஆண்டுகளில் நாய் பெருத்துவிடும். மூட்டு வலி வந்துவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கோல்டன் ரிட்ரீவர் 1868-இல் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில் தொடங்கிய வம்சம். சுபாவத்தில் லாப்ரடாருக்கு இணையான சாது. ஆனால் குளிர் நாட்டுக்கான நீண்ட முடி. சென்னை, நாகை போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் தோல் நோய் வரும். முடிக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும். தினமும் சீவிவிட ஆளும், பகலில் குளுமையான அறையும் உள்ள வீட்டுக்கே அது சரி.

பீகிள் அளவில் சிறியது, கூட்டமாக முயல் வேட்டைக்குப் போனது, எனவே ஆட்களோடும் பிற நாய்களோடும் எளிதில் சேரும். மோப்பம் பிடித்துவிட்டால் காது கேட்காது; கேட் திறந்திருந்தால் தெரு முனையைத் தாண்டிவிடும். தனியாக விட்டால் ஊளையிடும் என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டாரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் 'பொமரேனியன்' என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். இந்த வெயிலுக்குப் பழகியது, செலவு குறைவு, துறுதுறுப்பானது. அதைப் பொம்மை போலத் தூக்கி இறுக்கினால் பொறுத்துக்கொள்ளாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட, மென்மையாகக் கையாளத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பொருத்தம்.

அல்சேஷன், டாபர்மேன், ராட்வைலர் முதலியவை காவலுக்கென்று வளர்க்கப்படுபவை. வீட்டுப் பிள்ளையோடு அவை உயிராகப் பழகுவதைப் பார்க்கலாம். சிக்கல் வேறு இடத்திலிருந்து வருகிறது. சனிக்கிழமை மாலை பிள்ளையின் நண்பர்கள் ஐந்தாறு பேர் வந்து கத்திக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். ஒருவன் மற்றவனைப் பிடித்துத் தள்ளுவான். தன் வீட்டுப் பிள்ளையை யாரோ தாக்குகிறார்கள் என்று காவல் நாய் எண்ணிவிட்டால்? முதன்முதலாக நாய் வளர்க்கும் குடும்பம் இந்த இனங்களைத் தவிர்ப்பது நல்லது.

நம் ஊர் இனங்களுக்கு இப்போது மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமரின் 'மனதின் குரல்' வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கின் பெயர்களும் வந்தன. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை இந்த இனங்களுக்காகவே ஒரு இனப்பெருக்கப் பிரிவை நடத்துகிறது.

தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியானவை, குட்டை முடி, வெயிலுக்கு அசராதவை. வீட்டுக்குள் அதிகம் குரைக்காமல் ஒரு மூலையில் படுத்திருக்கும். ஆனால் தினமும் கால் வலிக்க ஓட இடம் வேண்டும். பூனை, கோழி ஓடினால் துரத்தும். முரட்டுத்தனமாக அதட்டினால் மனம் ஒடுங்கிப்போகும். ராஜபாளையம் வீட்டாரிடம் மட்டுமே ஒட்டும் காவல் நாய். தூய வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமல் பிறப்பதுண்டு. தூங்கும்போது குழந்தை போய்த் தொட்டால், காது கேளாத நாய் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். ஆகவே வாங்கும் முன் குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டத்துக் கோம்பை இன்னும் உக்கிரமான காவல் நாய். தோப்பு வீடுகளுக்கு ஏற்றது. இவற்றில் எதையும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் கொடுமை. நாளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய்க்குச் சிடுசிடுப்பு ஏறும். அந்தச் சிடுசிடுப்பு முதலில் போய்ச் சேருவது பக்கத்தில் வரும் பிள்ளையிடம்.

இனப் பெயர் இல்லாத நாட்டு நாய்க்குட்டி இந்தப் பட்டியலில் கடைசியில் வந்தாலும், பல வீடுகளுக்கு அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். நோய் எதிர்ப்பு நன்றாக இருக்கும், எந்தச் சாப்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ளும், புத்தி கூர்மை. சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் குட்டிகளும், மீட்கப்பட்ட வளர்ந்த நாய்களும் தத்துக்குக் கிடைக்கின்றன.

ஒன்பது சதவீதம்

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. தமிழ்நாடே பதறியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 23 நாய் இனங்களுக்குத் தடை விதிக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. சில இனங்களைத் தடை செய்தால் போதுமா, வளர்ப்பவரைப் பொறுப்பாக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இதில் அறிவியல் சொல்வது கவனிக்கத்தக்கது. 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேள்வி கேட்டது. 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தது. தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தையே இனம் விளக்குகிறது என்பது அதன் முடிவு. சொன்னதைக் கேட்கும் குணத்தை இனத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அச்சமோ தொந்தரவோ ஏற்படும்போது ஒரு நாய் எவ்வளவு சீக்கிரம் சீண்டப்படும் என்பதை இனத்தை வைத்துச் சொல்வது ஏறக்குறைய இயலாது என்கிறது அந்த ஆய்வு. குழந்தை உள்ள வீட்டுக்கு முக்கியமான குணமே அதுதான்.

இனத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடல் அளவு, தாடையின் வலு, முடி, வெயில் தாங்கும் திறன் ஆகியவை இனத்தோடு வருபவை. 40 கிலோ நாய் கடித்தால் வரும் சேதமும் ஏழு கிலோ நாய் கடித்தால் வரும் சேதமும் ஒன்றாகாது. ஆனால் "லேப் கடிக்காது" என்ற நம்பிக்கையில் இரண்டு வயதுக் குழந்தையை அதன் பக்கத்தில் விட்டுவிட்டு சமையலறைக்குப் போவது தவறு. அந்தக் குறிப்பிட்ட நாய் எப்படி வளர்ந்தது, எதைப் பழகியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குட்டி வந்த வழி

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-இல் நூலாக வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம் என்பது அதன் சாரம். அந்த வாரங்களில் நல்லபடியாகச் சந்தித்தவற்றை அது ஆயுள் முழுக்க அச்சமில்லாமல் ஏற்கும். குழந்தையின் கீச்சுக் குரலும் தத்தக்கா பித்தக்கா நடையும் அப்போதே பழகியிருந்தால் பின்னாளில் மிரளாது. பழகாத குட்டிக்குக் குழந்தை என்பது திடீர் திடீரென்று பாயும் விசித்திரப் பிராணி.

ஆகவே குட்டி எங்கே அந்த வாரங்களைக் கழித்தது என்பது விலையைவிட முக்கியமான விஷயம். இருட்டுக் கூண்டில் வளர்ந்து, ஐந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துக் கடைக்கு வந்த குட்டி பயந்தாங்கொள்ளியாக வளரும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. பதிவுச் சான்றைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. கெனல் கிளப் சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும், சுபாவத்தைச் சொல்லாது.

குட்டி பார்க்கப் போகும்போது தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். "தாய் வேற ஊர்ல இருக்கு சார்" என்றால் திரும்பி வந்துவிடலாம். தாய் அந்நியரைக் கண்டு கொஞ்சம் உஷாராகி, வீட்டுக்காரர் பேசியதும் தணிந்தால் நல்ல அறிகுறி. கட்டிலுக்கு அடியில் பதுங்கினாலோ பாய்ந்து வந்தாலோ யோசிக்க வேண்டும். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரே ஈத்துக் குட்டிகளைச் சற்று நேரம் சும்மா பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதலில் வந்து ஷூ லேஸைக் கவ்வி இழுக்கும் குட்டியைப் பிள்ளைகள் உடனே கேட்பார்கள். மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்து அம்மாக்கள் இரங்குவார்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இரண்டுக்கும் நடுவில் இருப்பதே ஏற்றது: தானாக அருகில் வந்து மோந்து பார்க்கும், ஒரு சாவிக்கொத்தைக் கீழே போட்டால் திடுக்கிட்டுப் பின்வாங்கும், சற்று நேரத்தில் அது என்னவென்று பார்க்கத் திரும்பி வரும், மெல்லத் தூக்கினால் கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்கும்.

குட்டியின் பிற்காலக் குணத்தை இப்படி முழுதாகக் கணித்துவிட முடியாது. அதனால்தான் பலருக்கு இரண்டு மூன்று வயதான நாயைத் தத்தெடுப்பது குட்டியைவிட நம்பகமான வழி. அதன் அளவு, சுபாவம், குழந்தைகளைக் கண்டால் என்ன செய்கிறது என்பது எல்லாம் கண்முன் தெரியும். காப்பகத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வெவ்வேறு நாட்களில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வீட்டுக்கு வந்த குட்டியைத் தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்கக் கூடாது. ஆனால் மனம் திறந்திருக்கும் காலமும் அதற்குள் முடிந்துவிடும். வழி இருக்கிறது: கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஆட்டோ, பஸ், பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர் எல்லாரையும் காட்டலாம். மிக்சி, குக்கர் விசில், கோயில் மேளம் கேட்டுப் பழகட்டும். தீபாவளி வெடிச் சத்தத்தைச் செல்போனில் மெல்லிய ஒலியில் போட்டு, சாப்பாடு வைத்துப் பழக்குபவர்களும் உண்டு.

சீற்றத்தைச் சிரிப்பென்று எண்ணும் வயது

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் குழந்தைகளுக்கு நாய் முகங்களைக் காட்டி, அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று கேட்டார்கள். பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்ன சிறு குழந்தைகள் பலர். மனிதர் பல் தெரிந்தால் சிரிப்பு. குழந்தைக்கு அதுதான் தெரியும். சிரிக்கும் நாயை முத்தமிடக் குழந்தை முகத்தைக் கொண்டுபோகும். சிறு குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் கடி அதிகம் விழுவதற்கு அவர்கள் உயரம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். கடிப்பது பெரும்பாலும் தெருவில் போகும் அறியாத நாய் அல்ல, பழகிய நாய் என்பதும் பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

"திடீர்னு கடிச்சிடுச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாய் அதற்கு முன்பே பலமுறை சொல்லியிருக்கும். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஏணிப் படிகளாக வரிசைப்படுத்தினார். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாய் கொட்டாவி விடும், மூக்கை நக்கும், கண் சிமிட்டும். அடுத்து முகத்தைத் திருப்பும். பிறகு உடம்பையே திருப்பிக்கொண்டு எழுந்து போகப் பார்க்கும். காதைப் பின்னுக்கு மடக்கும், வாலைக் கால்களுக்கிடையே செருகும். அப்போதும் விடாவிட்டால் உடம்பு விறைக்கும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். அதன் பிறகு உறுமல், காற்றில் ஒரு கவ்வு, கடைசியில் கடி. புகைப்படத்துக்காகக் குழந்தை நாயைக் கட்டிப்பிடித்திருக்கும் படங்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் நாய் முகத்தை வேறு பக்கம் திருப்பியிருப்பதைக் காணலாம்.

உறுமும் நாயை அடிக்கக் கூடாது. அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். உறுமினால் குழந்தையை அப்புறப்படுத்திவிட்டு, எதனால் உறுமியது என்று பார்க்க வேண்டும். காது வலி, பல் வலி இருந்தாலும் சாதுவான நாய் உறுமும்.

பிள்ளைகளுக்குச் சில விதிகள் போதும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது. வாலையும் காதையும் இழுக்கக் கூடாது. மேலே ஏறி உட்காரக் கூடாது. கட்டிப்பிடிப்பதற்குப் பதில், நாய் தானாக வந்தால் நெஞ்சிலோ தோளிலோ தடவலாம். மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அது இன்னும் வேண்டுமென்று ஒட்டி வந்தால் மறுபடி தடவலாம். அடுத்தவர் நாயைச் சொந்தக்காரரைக் கேட்காமல் தொடக் கூடாது. தெரு நாய் துரத்தினால் ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து மரம் போல அசையாமல் நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரே ஒரு விதி: ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் எந்த நாயையும், அது எவ்வளவு சாதுவானாலும், தனியே விடக் கூடாது.

ஊசி, பூச்சி மருந்து, உரிமம்

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் மறு தவணைகள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அதன்பின் ஆண்டுதோறும் தவறாமல். பூச்சி மருந்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு ஒட்டிவிடும். அதன் முட்டை மண் வழியாகக் குழந்தையின் வாய்க்குப் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கலாம். குட்டிக்கு மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களைக் கொல்லும் பெரும் பகை. காது மடல், விரலிடுக்குகளைத் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். சென்னையில் வேப்பேரியில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலும் குறைந்த செலவில் இவற்றைச் செய்துகொள்ளலாம். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் அது கிடைக்கும்.

மனிதருக்கு வரும் ரேபிஸ் நோயில் 99 சதவீதம் வரை நாய் மூலம் வருவது. உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்கின்றன. வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுவோரில் 40 சதவீதத்தினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். இவை உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குகள். நோய் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. அதற்கு முன் தடுப்பது முழுக்க இயலும். கடியோ கீறலோ பட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதுவும் வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளில் கைத் தோலில் நான்கு முறை, முதல் நாளும் அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்களும் போடுகிறார்கள். ரத்தக் காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். வீட்டு நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று காத்திருக்காமல் மருத்துவர் முடிவுக்கு விட வேண்டும்.

திட்டு விழும் என்று பயந்து நாய் கீறியதை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. "நாய் கடிச்சாலும் கீறினாலும் உடனே வந்து சொல்லு, யாரும் திட்ட மாட்டாங்க" என்று நாய் வீட்டுக்குள் வரும் நாளிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைக்கு என்ன வேலை?

பெரியவர்களின் பொறுப்பு என்பதற்காகப் பிள்ளையை வேடிக்கை பார்க்க விட வேண்டியதில்லை. ஆறு வயதுப் பிள்ளை தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பலாம். எட்டு வயதில் சாப்பாட்டை அளந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கலாம், முடி சீவிவிடலாம். பத்து வயதில் "உட்கார்", "இரு", "வா" என்று பழக்கலாம். சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு பிஸ்கட். அடிக்காமல் பழக்கினால் நாய் கற்றுக்கொள்ளும் என்பதைப் பிள்ளையும் அப்போது கற்றுக்கொள்ளும். ஊசித் தேதிகளைக் காலண்டரில் எழுதி நினைவூட்டும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.

நாய்க்கென்று ஒரு மூலையும் ஒதுக்க வேண்டும். ஒரு பழைய மெத்தை, பக்கத்தில் தண்ணீர், பிள்ளைகள் நுழையக் கூடாத எல்லை. விருந்தாளிகள் வரும் நாளில், பிறந்தநாள் கூச்சலில், பட்டாசு நேரத்தில் அது அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். தெருவில் நடக்கும்போது பிள்ளை இரண்டாவது வார் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். உண்மையில் நாயை இழுத்து நிறுத்தும் முதல் வார், அதன் எடையைத் தாங்கும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும்.